ஓர் அலமாரி அகலம்

இல்மன்பாக்கில் புரட்சி நடந்தது மொத்தம் நாலே நாள். அந்த நாலு நாளில் ஊர்க்காரர்கள் பழைய நகரசபையைக் கலைத்துப் புதியதை அமைத்தார்கள், நாட்டை ஆண்ட கோமகனின் படத்தைப் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து இறக்கினார்கள், புகையேறிய சுவரில் படம் இருந்த சதுரம் மட்டும் பளிச்சென்று தெரிவது அசிங்கமாக இருக்கிறதென்று அதே ஆணியில் ஒரு காலண்டரை மாட்டினார்கள், வாக்குரிமை வேண்டும், தணிக்கையில்லாத பத்திரிகை வேண்டும், கோமகனின் காட்டில் உதிர்ந்து கிடக்கும் விறகைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று மூன்று கோரிக்கைகளை எழுதினார்கள், அதில் முதல் இரண்டும் பள்ளி ஆசிரியர் சேர்த்தவை, ஊர் உண்மையில் கேட்டது மூன்றாவதைத்தான். ஐந்தாம் நாள் காலை வடக்கத்தி ராஜா இரவல் கொடுத்த பீரங்கிகளோடு கோமகனின் படை வந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பதாம் வருஷம், ஏப்ரல் மாதம். ஜெர்மன் பேசும் நாடுகள் ஒன்றாகாமல் துண்டு துண்டாகக் கிடந்த காலம், அந்த வருஷம் அப்படித் தோற்ற ஊர்கள் எத்தனையோ, ஆகவே இல்மன்பாக் தோற்றதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

படையை நிறுத்துவதற்காக ஊர்க்காரர்கள் ஆற்றுப் பாலத்தின் குறுக்கே தங்கள் வீட்டுச் சாமான்களைத்தான் அடுக்கியிருந்தார்கள். நாற்காலிகள், கட்டில்கள், தொட்டில்கள், நீதிபதி வீட்டுப் பியானோ, ரொட்டிக்கடை அம்ப்ரோஸ் மாவு பிசையும் நீளமான மரத்தொட்டி, இவற்றோடு கல்யாண அலமாரிகள். அந்தப் பள்ளத்தாக்கில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் தகப்பன் பைன் மரத்தில் ஆளுயர அலமாரி ஒன்று செய்து, கதவில் பூ வரைந்து, பூவுக்கு நடுவே பெண்ணின் முழுப் பெயரையும் வருஷத்தையும் எழுதிக் கொடுப்பான். அவள் அதன் அடித்தட்டில் முதலில் மடித்து வைப்பது தன் சவத்துக்குப் போர்த்த வேண்டிய துணியை. சாவி அவள் இடுப்பில் இருக்கும். அவளைத் தவிர வேறு யாரும் அதைத் திறப்பது அவள் செத்த அன்றைக்கு மட்டும்தான், ஆகவே உயிரோடு இருப்பவளின் அலமாரியைத் திறப்பது அவள் சாவைக் கூப்பிடுவது என்று புருஷனும் தொடமாட்டான், பாதிரியாரும் தொடமாட்டார், ஜப்தி செய்ய வந்த அமீனாகூடத் தொடாமல் சுற்றிப்போவான்.

தோற்ற பிறகு கோமகனின் கேப்டன் ரெட்விட்ஸ் ஒரு அறிவிப்பு ஒட்டினார். கலவரத்தில் இடம் மாறிப்போன சாமான்களை உரியவர்கள் அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்ளலாம், சிப்பாய்களே வீடு வரை தூக்கிவந்து கொடுப்பார்கள் என்று. வேறு எந்த ஊராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருக்கும். இல்மன்பாக்காரர்கள் பொருளை வீணாக விடாதவர்கள், ரசீது என்றால் மரியாதை உள்ளவர்கள், ஆகவே ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று, இது என் நாற்காலி, பின்னங்காலில் நானே ஆணி அடித்தேன் என்று சாட்சியோடு நிரூபித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அறுபத்திரண்டு சாமான்களும் வீடு போய்ச் சேர்ந்தன. மறுநாள் அந்தக் கையெழுத்துகளை வைத்துக்கொண்டே வயதானவர்களைத் தவிர மற்ற ஆண்களை எல்லாம் மலைக்கோட்டைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

பீப்பாய் செய்யும் லோரென்ஸ் மட்டும் அகப்படவில்லை. அவன் மனைவி வால்புர்கா தன் பெயர் எழுதிய அலமாரிக்குத் தானே கையெழுத்துப் போட்டாள், புருஷன் எங்கே என்று கேட்டதற்கு அமெரிக்கா போய்விட்டான் என்றாள். நாலு சிப்பாய்கள் அலமாரியைத் தூக்கிவந்து அவள் வீட்டில் இறக்கிவைத்து, அடுப்பங்கரை, வைக்கோல் பரண், பீப்பாய்கள் எல்லாவற்றையும் குடைந்து தேடினார்கள். அலமாரியிடம் வந்ததும் கார்ப்பரல் தயங்கினான், அவனும் அந்தப் பள்ளத்தாக்குக்காரன்.

"நான் இன்னும் சாகல," என்றாள் வால்புர்கா.

கார்ப்பரல் தொப்பியைத் தொட்டு மரியாதை சொல்லிவிட்டுப் போனான். அவர்கள் போனதும் அலமாரியின் உட்கொக்கி கழன்றது, மூன்று நாள் தண்ணீர் குடிக்காத லோரென்ஸ் அதற்குள்ளிருந்து வெளியே விழுந்தான். அன்றிலிருந்து அவன் குடியிருப்பு அதற்குள்தான். ஜன்னல் கதவுகளைச் சாத்திய பிறகு வெளியே வந்து சூப் குடிப்பான், கை கால் நீட்டுவான், திரும்பப் போய்க் கொக்கி போட்டுக்கொள்வான். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

சரியாக ஒரு வருஷம் கழித்து, தடுப்பு விழுந்த அதே தேதியில், விடியும் நேரத்தில், பாலத்தில் நின்றிருந்த சாமான்கள் எல்லாம் வீட்டைவிட்டு வெளியே வந்து பாலத்துக்கு நடந்தன.

அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கதவு திறந்திருந்தால் கதவு வழியாக, இல்லாவிட்டால் கதவைத் தள்ளிக்கொண்டு, மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள் மாதிரி அவசரமில்லாமல் கல் பாவிய தெருவில் இறங்கி, தட் தட்டென்று கால் வைத்து, பாலத்தில் அவை அன்றைக்கு நின்ற அதே இடங்களில் போய் நின்றன. வயதான நோட்டரி தன் கட்டிலில் படுத்தபடி பாலத்துக்கு வந்து சேர்ந்தார், கண் விழித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கேட்டார். மரம் கோமகனின் காட்டில் திருட்டுத்தனமாக வெட்டியது, அதனால் அதற்குப் பிறவியிலேயே அடங்காத குணம் என்று சிலர் சொன்னார்கள். மற்றவர்கள் காரணம் தேடவில்லை, நாற்காலி இல்லாமல் எதில் உட்கார்ந்து காலை காப்பி குடிப்பது என்பதுதான் அவர்களுடைய கவலை.

கேப்டன் ரெட்விட்ஸ் முதல் நாள் ஒரு நாற்காலியை அங்கேயே எரிக்கச் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் அந்த நாற்காலியின் நாலு கால்களும் தெருவில் நடந்துபோகும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாலத்தில் அதன் இடத்தில் ஒரு சிப்பாய் முழங்காலை இடித்துக்கொண்டு விழுந்தான். அதற்குப் பிறகு கேப்டன் எதையும் எரிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் வைக்கலாம், பதிவேட்டில் குறிக்கலாம், தெரியாத நாற்காலியை என்ன செய்வது? தினமும் பதினோரு மணிக்குச் சிப்பாய்கள் எல்லாச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு போய் வீடு சேர்ப்பார்கள், மறுநாள் விடியலில் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், அதுவும் இல்மன்பாக்காரர்கள் சீக்கிரமே பழகிவிடுவார்கள். சாமான்கள் தெருவின் இடப்பக்கமாக மட்டுமே நடக்க வேண்டும் என்று நகரசபை உத்தரவு போட்டது, சாமான்களும் அப்படியே நடந்தன. நாற்காலிகள் பாலத்தில் இருப்பதால் ஜனங்கள் காப்பியைப் பாலத்துக்கே எடுத்துக்கொண்டு வந்தார்கள், நீதிபதியின் மகள் பியானோவைப் பாலத்திலேயே பழகினாள், நோட்டரி கட்டிலில் சாய்ந்தபடி பத்திரம் எழுதினார், தொட்டிலோடு வந்த குழந்தைகளை யார் வேண்டுமானாலும் ஆட்டினார்கள். சிறையில் இருந்த ஆண்களின் மனைவிகள் ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை. ரொட்டிக்கடை அம்ப்ரோஸ் தடுப்பில் செத்துப்போயிருந்தான், அவன் மனைவி கிரெஸென்ஸ்தான் இப்போது கடையை நடத்தினாள், அவள் தொட்டி பாலத்தில் இருந்ததால் அங்கேயே சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு மாவு பிசைந்தாள். அந்த வசந்த காலத்தில் ஊர் தின்ற ரொட்டியில் ஆற்று வாசனை இருந்தது.

ஆனால் கிரெஸென்ஸின் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாகக் கிடந்தது. ஓர் அலமாரி அகலம். மற்றவை எல்லாம் நெருக்கியடித்து நின்றும் அந்த இடத்தை எதுவும் நிரப்பவில்லை. வண்டிகள் பாலத்தைக் கடக்க வேண்டுமென்றால் அது ஒன்றுதான் வழி, ஆனால் குதிரைகள் அதற்கு முன்னால் வந்து நின்று கழுத்தைத் திருப்பிக்கொண்டன. அந்த வழியாக வரும் காற்று மற்ற காற்றைவிடக் குளிர்ந்திருந்தது. மாவு பிசையும்போது கிரெஸென்ஸின் இடது கை மட்டும் விறைத்துப்போகும், அவள் அடிக்கடி நிறுத்தி அதை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொள்வாள். அம்ப்ரோஸின் உடலை அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் எடுத்தார்கள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும், எப்படிச் செத்தான் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த அலமாரி வால்புர்கா வீட்டில் கட்டுண்டு கிடந்தது. முதல் நாள் அது அசைந்தபோதே அவள் வண்டிக்கயிற்றால் அதை அடுப்புத் தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டாள், அன்று சாயங்காலம் லோரென்ஸ் பீப்பாய்க்குப் போடும் இரும்பு வளையங்களை அதன் கால்களில் மாட்டினான். விடியும் நேரமானால் அது இழுக்கும். கயிறு முறுகும், தூணிலிருந்து சுண்ணாம்பு உதிரும். அவள் தரையில் உட்கார்ந்து கதவில் முதுகைக் கொடுத்து அழுத்துவாள், உள்ளே அவனும் முதுகைக் கொடுத்து அழுத்துவான், இருவருக்கும் நடுவே ஒரு பலகை, வெயில் ஏறும் வரை அப்படியே இருப்பார்கள். அந்த நேரத்தில் அவளுக்குப் பயமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். மற்ற பெண்களின் புருஷன்கள் கோட்டையில் இருந்தார்கள் அல்லது மண்ணுக்குள் இருந்தார்கள், அவள் புருஷனின் முதுகுச் சூடு மட்டும் பலகை வழியாக வந்துகொண்டிருந்தது.

ஜூன் மாதம் கேப்டன் ரெட்விட்ஸ் பாலத்தில் நின்று தன் பதிவேட்டையும் சாமான்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு மாதமாக அவர் கண்ணில் படாதது அன்றைக்குப் பட்டதற்குக் காரணம் கிரெஸென்ஸ்.

"எரிச்சதையும் சேர்த்து அறுபத்தொண்ணுதான் வருது கேப்டன்," என்றாள் அவள், மாவிலிருந்து கையை எடுக்காமல். "ஒண்ணு வரல. என் கை விறைக்குது."

காட்டிக்கொடுக்கும் எண்ணத்தில் சொன்னாளா, கை வலித்ததால் சொன்னாளா என்று ஊர் ரொம்ப நாள் விவாதித்தது. என்னைக் கேட்டால் இரண்டும்தான். கேப்டன் இடைவெளியைக் கோலால் அளந்தார், பதிவேட்டில் அறுபத்திரண்டாவது ரசீதைப் பார்த்தார், நேராக வால்புர்காவின் வாசலில் வந்து நின்றார். வாசலிலிருந்தே கயிறு தெரிந்தது.

"ஊர்ச் சாமான்கள் எல்லாம் கலகம் பண்ணும்போது உங்க அலமாரி மட்டும் ஏன் இவ்வளவு விசுவாசமா இருக்கு, அம்மணி?"

"ரொம்ப கனம். அதால நடக்க முடியாது."

"நடக்க முடியாததை எதுக்குக் கட்டி வச்சிருக்கீங்க?" அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு விடிஞ்சதும் வரேன். நான் இந்தப் பள்ளத்தாக்குக்காரன் இல்ல. சாவி குடுக்கலைன்னா கோடாலி இருக்கு."

தெரு முனையிலும் ஆற்றங்கரையிலும் காவல் போட்டுவிட்டுப் போனார்.

வால்புர்கா அலமாரிக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்தாள், கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கேப்டன் பேசியது எல்லாம் உள்ளே கேட்டிருக்கும். அலமாரிக்குள்ளிருந்து லோரென்ஸ் பேசினான்.

"வால்புர்கா, அன்னைக்கு நான் கடைசிவரைக்கும் சண்டை போட்டேன்னு சொன்னேன்ல. போடல. முதல் குண்டு விழுந்ததுமே இதுக்குள்ள வந்துட்டேன்."

அவள் பட்டாணியை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"அம்ப்ரோஸ் பார்த்துட்டான். அவனுக்கு வயித்துல அடிபட்டிருந்துது. வந்து கதவைத் தட்டினான். 'லோரென்ஸ், கொஞ்சம் தள்ளி உக்காரு, ரெண்டு பேருக்கு இடமிருக்கு'ன்னான். நான் கொக்கியைப் பிடிச்சுக்கிட்டேன். முதல்ல என் முகத்துக்கு நேரா தட்டினான். அப்புறம் இடுப்புக்கு நேரா தட்டினான். அப்புறம் கால்கிட்ட தட்டினான். அதுக்கப்புறம் தட்டல."

அவள் மடியிலிருந்து கிண்ணம் விழுந்து பட்டாணி தரையெங்கும் ஓடியது. வால்புர்கா அதைப் பொறுக்கவில்லை. பதினாலு மாதமாகத் தினமும் கிரெஸென்ஸின் கையிலிருந்து ரொட்டி வாங்கியிருக்கிறாள், தினமும் அதில் பாதியை இவனுக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அவன்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது, அந்தக் கதவைத் தன் கையாலேயே பிளந்துபோடலாம் போல இருந்தது. அந்த வெறுப்பு ஒரு மணி நேரம் இருந்தது. அது குறைந்த பிறகும் அவன் அதே மனிதனாகத்தான் உள்ளே இருந்தான், அவளுக்கு அதே புருஷனாகத்தான் இருந்தான்.

"பரண்ல ஓட்டைப் பிரிச்சுத் தரேன். கூரை வழியாப் போ," என்றாள்.

"காவல் இருக்கு. இல்லேன்னாலும் போகமாட்டேன். கட்டை அவிழ்த்துடு."

"எனக்கு நீ வேணும். கோழையா இருந்தாலும் வேணும்."

"தெரியும். ஆனா தினமும் காலைல இது போகணும்னு இழுக்குது, இதைப் பிடிச்சு நிறுத்துறது கயிறுன்னு நீ நினைக்கிற. நான்தான் நிறுத்துறேன். என்னால இனிமே முடியல."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது அவள் ரொட்டிக்கடைக்குப் போனாள். கிரெஸென்ஸ் காய்ந்த மாவைத் தொட்டியிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. வால்புர்கா வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், வயிற்றில் பட்ட அடியைச் சொன்னாள், மூன்று முறை தட்டியதைச் சொன்னாள், எதையும் குறைத்துச் சொல்லவில்லை. இதைக் கேட்டதும் கிரெஸென்ஸ் நேராகக் கேப்டனிடம் போவாள் என்றுதான் நினைத்திருந்தாள். போனால் தடுக்கும் உரிமை தனக்கு இல்லை என்றும் நினைத்திருந்தாள்.

கிரெஸென்ஸ் ஒன்றுதான் கேட்டாள். "ரெண்டு பேருக்கு நெசமாவே இடமிருந்துதா?"

"இருந்துது."

கிரெஸென்ஸ் சுரண்டுவதைத் தொடர்ந்தாள். தொட்டி முழுக்கச் சுத்தமான பிறகு, "நாளைக்கு அனுப்பிவிடு," என்றாள்.

விடிகாலையில் கேப்டன் வந்தபோது, கயிறும் வளையங்களும் கழற்றிய அலமாரி வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. நிலைப்படியில் இடிக்காமல் முன்பக்கம் சற்றுக் குனிந்து, தெருவில் இறங்கி, மற்ற சாமான்கள் எல்லாம் எப்போதோ போய்விட்ட தெருவில் தனியாக இடப்பக்கமாக நடந்தது. கதவில் எழுதியிருந்த வால்புர்காவின் பெயர் ஒவ்வொரு அடிக்கும் ஆடியது. அவள் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். கோடாலி வைத்திருந்த சிப்பாய் கேப்டனின் முகத்தைப் பார்த்தான். கேப்டன் தலையசைத்து மறுத்தார், அறுபத்திரண்டும் சேர்ந்தால் அது எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை அவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

பாலத்தில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள், நோட்டரிகூடக் கட்டிலைவிட்டு இறங்கியிருந்தார். அலமாரி திரும்பி, பின்பக்கமாக நகர்ந்து, கிரெஸென்ஸின் தொட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பொருந்தியது. குளிர்காற்று நின்றது. பியானோச் சத்தம் இல்லை, குழந்தைகள் அழவில்லை, கீழே ஆறு ஓடுவது தெரிந்ததே தவிர அதன் சத்தம் கேட்கவில்லை.

அப்போது கதவில் யாரோ தட்டினார்கள். கதவுக்கு முன்னால் யாரும் இல்லை, எல்லோரும் பத்தடி தள்ளி நின்றிருந்தார்கள். முதல் தட்டல் தரையோடு தரையாக, கால் இருக்கும் உயரத்தில் கேட்டது. கிரெஸென்ஸ் மாவுக் கையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது தட்டல் இடுப்பு உயரத்தில் கேட்டது. மூன்றாவது ஒரு மனிதனின் முகம் இருக்கும் உயரத்தில், நிமிர்ந்து நிற்கும் ஒருவன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போலத் தெளிவாகக் கேட்டது.

உள்ளே கொக்கி கழன்றது. கதவு ஒரு முழம் திறந்தது, பதினாலு மாதம் வெயில் படாத ஒரு வெள்ளைக் கை அதன் ஓரத்தைப் பிடித்திருந்ததை அங்கே இருந்த எல்லோரும் பார்த்தார்கள், சிப்பாய்களும் பார்த்தார்கள்.

"வா," என்றான் லோரென்ஸ். "தள்ளி உக்காந்துக்கிறேன்."

பலகையில் ஒருவன் ஒதுங்கும் சத்தம் கேட்டது, இன்னொருவன் மூச்சு வாங்கிக்கொண்டு உட்காரும் சத்தம் கேட்டது, கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. வால்புர்கா ஓடவில்லை, கூப்பிடவில்லை. அவள் இரண்டு கைகளாலும் தன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்கு அப்போது இருந்த வலியை என்னால் எழுதிப் புரியவைக்க முடியாது.

கேப்டன்தான் முதலில் அசைந்தார். போய்க் கதவை இழுத்தார், அது தடையில்லாமல் திறந்துகொண்டது. மேல்தட்டில் மேசைவிரிப்புகள் இருந்தன, அடித்தட்டில் மடித்து வைத்த வெள்ளைத் துணி இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் கையை விட்டுத் துழாவினார், பின்பலகையைத் தட்டிப் பார்த்தார், பிறகு கையை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பதிவேட்டைத் திறந்து அறுபத்திரண்டுக்கு நேரே ஒரு கோடு போட்டார். பதினோரு மணிக்குக் காத்திருக்காமல் எல்லாவற்றையும் அப்போதே வீடு சேர்க்கச் சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் முகாமுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இல்மன்பாக்கில் எந்தச் சாமானும் நடக்கவில்லை. ஆனால் அது மறுநாள்தான் தெரிந்தது. அன்றைக்கு, கடைசியாக அலமாரியின் முறை வந்தபோது, சிப்பாய்கள் நாலு பேரும் குனிந்து அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வால்புர்காவின் தெருப் பக்கம் திரும்பினார்கள்.

"அங்க இல்ல," என்றாள் வால்புர்கா. "ரொட்டிக்கடைக்கு."

கிரெஸென்ஸ் அவளைப் பார்த்தாள். "அதுல உன் பேர் எழுதியிருக்கு."

"இருக்கட்டும். எனக்குப் பதினாலு மாசம் கிடைச்சுது, கிரெஸென்ஸ். உனக்கு ஒரு நாளும் கிடைக்கல."

சிப்பாய்கள் சுமையோடு நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கிரெஸென்ஸ் முன்னால் நடந்துபோய்க் கடைக் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.